குறைந்த செலவு, நிறைந்த உடை: வாசகர் கேள்வி – பதில்

ஆடித் தள்ளுபடி விளம்பரங்கள் வரத் தொடங்கியதும் இப்பகுதிக்கு வரும் கடிதங்களும் கூடிவிட்டன. பெரும்பாலானோரின் கவலை ஒன்றுதான். கையில் இருப்பதோ சிறிய தொகை. உடுத்தினால் பார்ப்பதற்கு எடுப்பாக இருக்க வேண்டும். அதே சமயம் ஆற்றைக் கெடுத்தும், நெய்தவர் கூலியிலும் தைத்தவர் கூலியிலும் கைவைத்தும் உருவான துணியாக அது இருக்கக் கூடாது. இம்மூன்றும் கூடிவருமா என்று கேட்டவர்களுக்கு, வரும் என்பதே என் பதில். அதற்குத் துணியைப் பார்க்கத் தெரிந்த கண்ணும், சொன்னதைக் கேட்டுத் தைக்கிற ஒரு தையற்காரரும் வேண்டும். பணம் அதற்கு அடுத்தபடிதான்.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. உடைக்கென்று மாதம் 1,000 ரூபாய்தான் என்னால் ஒதுக்க முடிகிறது. சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று இணையத்தில் விற்கும் குர்த்தி ஒன்றே 3,000 ரூபாய் என்கிறார்கள். நான் எங்கிருந்து தொடங்குவது? — வாசகி, குரோம்பேட்டை

பதில்: முதல் மூன்று மாதங்களுக்கு எதையும் வாங்காதீர்கள். கேட்கக் கடினமாக இருந்தாலும் இதுவே என் முதல் யோசனை. அந்த மூன்று மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலமாரியில் இருப்பதையெல்லாம் கட்டிலின்மேல் எடுத்துப் போட்டு, ஓராண்டாக உடுத்தாதவற்றைத் தனியே வையுங்கள். ஒவ்வொன்றையும் ஏன் உடுத்தவில்லை என்று பார்த்தால் காரணம் சிறியதாகவே இருக்கும்: அக்குளில் பிடிக்கிறது, கழுத்து இறங்கியிருக்கிறது, நாடா அறுந்துவிட்டது, பொருத்தமான கால்சட்டை இல்லை. இவற்றில் பாதியைத் தெருமுனைத் தையற்காரர் ஒரு மாலைப் பொழுதில் சரிசெய்து கொடுத்துவிடுவார். உங்களுக்குப் புதிதாகத் தேவைப்படுவது என்னவென்று அதன் பிறகுதான் தெரியவரும். பலருக்கு அது ஐந்தாவது குர்த்தியாக இருப்பதில்லை. எல்லாக் குர்த்திகளோடும் சேரக்கூடிய ஒரு கறுப்புக் கால்சட்டையாகவோ சந்தன நிறக் கால்சட்டையாகவோதான் இருக்கிறது.

சேர்த்த பணத்தோடு மின்சார ரயிலேறி எழும்பூரில் இறங்குங்கள். பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸின் பெரிய விற்பனை நிலையம் இருக்கிறது. 1935இல் தொடங்கப்பட்ட இந்தக் கூட்டுறவு நிறுவனம் தமிழ்நாட்டுக் கைத்தறி நெசவாளர் சங்கங்களின் துணிகளை விற்கிறது. தீபாவளியை ஒட்டி 30 சதவீதம்வரை தள்ளுபடி கொடுப்பது அங்கே வழக்கம். மாதாமாதம் சிறு தொகை கட்டி, முடிவில் அதற்குத் துணி எடுத்துக்கொள்ளும் சேமிப்புத் திட்டமும் உண்டு. உங்களைப் போல் மாதக் கணக்கில் ஒதுக்குகிறவர்களுக்கு அது ஏற்றது. கதர் பிடிக்குமானால் காந்தி ஜெயந்திவரை பொறுத்திருங்கள். அக்டோபர் 2 முதல் கதர்க் கடைகளிலும் தள்ளுபடி தொடங்கிவிடும்.

தைத்த உடையாக வாங்காமல் துணியாக எடுங்கள். முழங்கால் அளவு குர்த்திக்குப் பொதுவாக இரண்டரை மீட்டர் போதும். துணியின் அகலம் குறைவாக இருந்தால் சற்றுக் கூடுதலாக வேண்டியிருக்கும் என்பதால், எடுப்பதற்கு முன் அகலத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் துணியை ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, சுருங்குவதெல்லாம் சுருங்கிய பிறகே தைக்கக் கொடுங்கள். கொடுக்கும்போது, பக்கவாட்டில் உள்ளே ஓரங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். ஆயத்த உடை ஒன்றை உட்புறம் திருப்பிப் பாருங்கள்; தையலை ஒட்டியே துணியை வெட்டியிருப்பார்கள், பிரித்து விடுவதற்கு ஒரு நூலளவும் இராது. இரண்டு ஆண்டு கழித்து உடம்பு சற்றுப் பூசினால் அந்த உடையைத் தூக்கிப் போடத்தான் வேண்டும். உள்ளே விட்ட ஓரங்குலம் உங்கள் குர்த்திக்கு இன்னும் நாலைந்து ஆண்டு ஆயுளைக் கொடுக்கும்.

அம்மாவோ அத்தையோ உடுத்தாமல் வைத்திருக்கும் பருத்திச் சேலை கிடைத்தால் இந்தச் செலவும் மிச்சம். ஐந்தரை மீட்டர்ச் சேலையில் இரண்டு குர்த்திகள் தாராளமாக வரும். முந்தானையை முதுகுப் பக்கத்துக்கும், கரையைக் கை ஓரத்துக்கும் வரும்படி வெட்டச் சொன்னால், கடையில் எங்கும் கிடைக்காத ஓர் உடை உங்களுக்குக் கிடைத்துவிடும்.

கேள்வி: கைத்தறிச் சேலை என்று சொல்லி 450 ரூபாய்க்குத் தெருவிலும் இணையத்திலும் விற்கிறார்கள். நம்பி வாங்கலாமா? உண்மையான கைத்தறியை எப்படி அடையாளம் காண்பது? — இல்லத்தரசி, மதுரை

பதில்: நம்ப வேண்டாம். தறியில் உட்காருவதற்கு முன்பே நீள இழைகளை விரித்துப் பாவோட வேண்டும், அதற்குக் கஞ்சி போட வேண்டும், வீட்டுப் பெண்கள் குறுக்கு இழைக்கான நூலைச் சிறு குழலில் தார் சுற்றித் தர வேண்டும். அதன் பிறகும் எளிய பருத்திச் சேலை ஒன்றை ஒரே நாளில் நெய்து இறக்குவது அரிது. நூலின் விலையும் இத்தனை பேரின் உழைப்பும் 450 ரூபாய்க்குள் அடங்காது. அடங்குகிறது என்றால் அது விசைத்தறியில் ஓடிய துணி, அல்லது யாரோ ஒருவர் வயிற்றில் அடித்து வாங்கிய துணி. விசைத்தறித் துணியை வாங்குவதில் தவறில்லை. சேலம் இளம்பிள்ளையிலும் ஈரோட்டைச் சுற்றியும் எத்தனையோ குடும்பங்கள் அதை நம்பித்தான் வாழ்கின்றன. விசைத்தறித் துணிக்குக் கைத்தறி என்று பெயர் சூட்டி விற்பதைத்தான் நான் கண்டிக்கிறேன். கரை வைத்த சேலை, வேட்டி முதலிய சில வகைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்க 1985இல் ஒரு சட்டமே இயற்றப்பட்டது; இப்போது அந்தப் பட்டியலில் 11 வகைகள் இருக்கின்றன. அந்தச் சட்டம் இருந்தும் சந்தை இந்த நிலையில்தான் இருக்கிறது.

கடையில் சேலையை விரிக்கச் சொல்லி, இரண்டு ஓரங்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தறியில் துணி சுருங்காமல் இருக்க, இருபுறமும் ஊசி பதித்த குச்சியைக் கொடுத்து இழுத்துப் பிடித்திருப்பார்கள். நெய்வதற்கேற்ப அதை இடம் மாற்றிக் குத்துவதால், ஓரத்தில் சிறு சிறு துளைகள் சற்றே சீரற்ற இடைவெளியில் தெரியும். இது ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது. துணைச் சான்றாகக் கொள்ளலாம். அடுத்து, கரைகளுக்கு இடையே உள்ள சேலையின் உடல் பகுதியைத் தடவிப் பாருங்கள். குறுக்கே ஓடும் ஊடை இழை ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் இருக்கும். இடையிடையே சிறு முடிச்சும் தட்டுப்படும். அறுந்த இழையைக் கையால் முடிந்த இடம் அது. கரையும் உடலும் வேறு வேறு நிறமாக, ஒன்றோடொன்று பல்போலக் கோத்து நெய்த கோர்வைக் கரையாக இருந்தால் பெரும்பாலும் அது கைத்தறிதான். இத்தனையும் பார்த்த பிறகு, 2006 முதல் வழங்கப்படும் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். கோ-ஆப்டெக்ஸில் சில சேலைகளோடு நெய்தவரின் பெயரும் படமும் அச்சிட்ட அட்டையையே வைத்திருப்பார்கள்.

நீங்கள் மதுரைக்காரர் என்பதால், துணியை முடிச்சிட்டுச் சாயம் ஏற்றிப் புள்ளி வைக்கும் சுங்குடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், கையால் முடிச்சிட்டது என்று விற்பவர் சொன்னதை நம்பி, ஒரு கண்காட்சியில் அரக்கு நிறச் சுங்குடி ஒன்றை வாங்கினேன். வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்தபோது ஒவ்வொரு புள்ளியும் அளந்து வைத்ததுபோல் ஒரே வட்டம், ஒரே இடைவெளி. அச்சுச் சுங்குடி! அச்சுச் சுங்குடியும் அழகுதான், விலைக்கேற்ற பொருள்தான். ஆனால் நான் கொடுத்தது முடிச்சுச் சுங்குடியின் விலை. சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்கள் நகத்தால் துணியைக் கிள்ளி நூலால் கட்டுகிற உண்மையான சுங்குடியில், ஒரு புள்ளி இன்னொன்றைப் போல் இராது. விரலால் தடவினால் அந்த இடம் சற்றே மேடு தட்டும். முடிச்சுகளைப் பிரிக்காமலேயே விற்பவர்களும் உண்டு. அப்படிக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

கேள்வி: "ஆர்கானிக் பருத்தி", "மூங்கில் நார்", "மறுசுழற்சி பாலியஸ்டர்" என்றெல்லாம் அட்டையில் எழுதியிருப்பதை நம்பிக் கூடுதல் விலை கொடுக்கலாமா? — கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: மூன்றும் மூன்று விதம். ஆர்கானிக் என்று யாரும் எழுதிக்கொள்ளலாம். காட்ஸ் (GOTS) என்று சுருக்கமாக அழைக்கப்படும் உலகளாவிய தரச்சான்று இருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு. அந்தச் சான்றின்படி, ஆர்கானிக் என்று மட்டும் எழுத வேண்டுமானால் 95 சதவீத நார் இயற்கை வேளாண்மையில் விளைந்ததாக இருக்க வேண்டும். ஆர்கானிக் நார் கொண்டு தயாரித்தது என்று எழுத 70 சதவீதமாவது இருக்க வேண்டும். அட்டையில் உரிம எண் இருக்கும். அதை அவர்களுடைய இணையதளத்தில் இட்டுச் சரிபார்க்கலாம். எண் இல்லையென்றால் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

மூங்கில் துணி என்று விற்பதில் பெரும்பகுதி விஸ்கோஸ்தான். மூங்கிலைக் கூழாக்கி, கார்பன் டைசல்பைடு போன்ற வேதிப்பொருள்களில் கரைத்து இழையாக இழுக்கிறார்கள். தொட்டால் வழுவழுவென்று சுகமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் தொடங்கிய இடம் மூங்கில் என்பதால் மட்டும் அந்தத் துணி தூய்மையானது ஆகிவிடாது. மறுசுழற்சி பாலியஸ்டர் பெரும்பாலும் பழைய பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்து வருகிறது. புதிய பாலியஸ்டரைவிட அது மேல். என்றாலும் துவைக்கும்போதெல்லாம் நுண்ணிய பிளாஸ்டிக் இழைகள் அதிலிருந்தும் கழிவுநீரில் கலக்கின்றன. நம் வெயிலில் வியர்வையையும் அது உறிஞ்சாது. மழைச்சட்டைக்கும் பைக்கும் ஏற்றது; நாள்முழுதும் உடம்பில் கிடக்கும் சட்டைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சந்தேகமான துணியை வாங்கிவிட்டீர்களானால், உள் ஓரத்திலிருந்து நாலு இழை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியால் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கறுத்த மணிபோல் இறுகிவிடும். பட்டில் முடி கருகும் வாசனை வரும்.

கரிசல் மண்ணில் மானாவாரியாக விளையும் கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தித் துணி எங்கேனும் கண்ணில் பட்டால், கையில் பணம் இருக்கிற மாதத்தில் ஒரு மேல்சட்டைக்காவது எடுத்துவிடுங்கள். பாசன நீர் கேட்காத பருத்தி அது. துணி சற்றுத் தடித்து, முதலில் முரடாக இருக்கும். பத்துத் தடவை துவைத்தபின் அதன் மென்மையே தனி.

கேள்வி: லினன் சட்டை 500 ரூபாய்க்குக் கிடைக்குமா? — வாசகர், நாகர்கோவில்

பதில்: கிடைக்காது. லினன் ஆளிச் செடியின் நாரிலிருந்து வருவது. அந்த நாரில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகிறது. அந்த விலைக்கு லினன் என்று விற்பது பெரும்பாலும் பருத்தியும் செயற்கை நாரும் கலந்த துணியாகவே இருக்கும். அதே பணத்துக்கு நல்ல பருத்திச் சட்டைத் துணி எடுத்துவிடலாம்.

கேள்வி: திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சம் என்று பிள்ளைகளின் பனியன் துணிகளை மலிவாக வாங்குகிறோம். இது சரியான வழியா? — இரு பிள்ளைகளின் தாய், காங்கேயம்

பதில்: உங்கள் கேள்வியில் திருப்பூரின் நொய்யல் ஆறும் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். காங்கேயத்துக்காரரான உங்களுக்கு ஒரத்துப்பாளையம் அணையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நொய்யலின் குறுக்கே 1992இல் பாசனத்துக்கென்று கட்டிய அந்த அணையில் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கி, அதை நம்பிய உழவர்களே அணையைத் திறக்காதீர்கள் என்று சொல்லும் நிலை வந்தது. சாயப்பட்டறைகள் கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத நிலையை எட்டும்வரை மூடப்பட வேண்டும் என்று 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நீரை மீட்டு மீண்டும் சாயத்துக்கே பயன்படுத்தும் முறைக்கு மாறின. அந்தச் செலவு துணியின் விலையில் ஏறத்தான் செய்யும். நம்பமுடியாத மலிவு விலையில் புதுத் துணி விற்கும்போது, எந்தச் செலவைத் தவிர்த்து இந்த விலை வந்தது என்று நாம் கேட்டே ஆக வேண்டும்.

ஏற்றுமதி மிச்சம் அப்படியன்று. நூலும் நீரும் சாயமும் உழைப்பும் செலவாகி முடிந்துவிட்ட துணி அது. அளவு மாறியதாலோ, ஒரு தையல் கோணியதாலோ, வாங்குபவர் ஆர்டரைக் குறைத்ததாலோ தேங்கி நிற்கிறது. அதை உங்கள் பிள்ளைகள் உடுத்திக் கிழிப்பதே நல்லது. ஆனால் மிச்சம் என்ற பெயரில், சந்தைக்கென்றே தைத்த இரண்டாம் தரத் துணியும் கலந்து வரும். பனியனை எடுத்து இரண்டு பக்கத் தையலும் நேராக இறங்குகிறதா என்று பாருங்கள். தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்தால், துவைக்கத் துவைக்க இன்னும் கோணும். கழுத்துப் பட்டியை இழுத்து விடுங்கள். உடனே பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மறுபுறம் உங்கள் விரல் தெரியக் கூடாது. ஜிஎஸ்எம் எவ்வளவு என்று கேட்டால் காதர்பேட்டைக் கடைக்காரர்கள் தயங்காமல் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணியின் எடை 160 முதல் 180 கிராம்வரை இருந்தால் பிள்ளைகளின் ஓட்டத்துக்குத் தாங்கும். மலிவாக இருக்கிறதே என்று பத்தாக அள்ளாதீர்கள். ஓர் அளவு பெரியதாக நாலு போதும். ஓராண்டில் பிள்ளை வளர்ந்துவிடும்.

கேள்வி: தங்கையின் திருமணத்துக்குப் பட்டுச் சேலை எடுக்க 25,000 ரூபாய் செலவாகும்போல் இருக்கிறது. ஒரு நாள் உடுத்திப் பெட்டியில் வைப்பதற்கு இவ்வளவா என்று மனம் ஒப்பவில்லை. எடுக்காவிட்டால் உறவுக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்றும் இருக்கிறது. — வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் அம்மாவின் கூறைச் சேலை எங்கே இருக்கிறது? முதலில் அதை எடுத்து, மடிப்பு விழுந்த இடங்களை வெளிச்சத்தில் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டில் இழை இற்றிருக்கும். இற்றிராவிட்டால் சேலையை மெருகேற்றிக் கொடுக்கும் கடையில் கொடுத்து எடுங்கள். கரை நிறத்தை விட்டு, உடலில் ஓடும் சன்னமான இழை எந்த நிறமோ அந்த நிறத்தில் புது ரவிக்கை தைத்துக்கொள்ளுங்கள். பழைய சேலையைப் புதிதாகக் காட்ட ரவிக்கை ஒன்றே போதும் என்பதை நான் பல திருமணங்களில் கண்டிருக்கிறேன். உறவுக்காரர்களின் பேச்சைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அம்மாவின் கூறையை உடுத்தி வந்திருக்கிறாள் என்று சொல்லும்போது யாருடைய குரலிலும் ஏளனம் இருக்காது.

மடிப்பில் இற்றிருந்தாலும் நல்ல பகுதியை வெட்டி, மணமேடைக்கு அருகில் ஓடித் திரியப்போகும் குழந்தைகளுக்குப் பாவாடை தைக்கலாம். கரையைப் பிரித்து எளிய சேலையொன்றில் வைத்துத் தைக்கலாம். வாசலில் வந்து பழைய பட்டுச் சேலை கேட்பவரிடம் மட்டும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அந்தக்காலச் சரிகையில் வெள்ளி இருக்கும். தெரிந்த நகைக்கடையில் காட்டிவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

புதிதாகத்தான் வேண்டும் என்றால், நீங்கள் இருக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே திருபுவனம் இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற பட்டு அது. அங்கே நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நேரடியாகவே எடுக்கலாம். சரிகை குறைந்த, சிறு கரை வைத்த சேலையாகப் பாருங்கள். விலை குறையும் என்பதோடு, எடை குறைந்த பட்டை ஆண்டுக்கு ஏழெட்டு முறை கோயிலுக்கும் விசேஷத்துக்கும் தயங்காமல் உடுத்தலாம். பட்டு முத்திரை அட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பிறர் உடுத்திய உடைகளை மலிவாக வாங்குகிறேன். பிறர் உடுத்தியதை உடுத்தக் கூடாது என்று அம்மா கோபிக்கிறார். — மாணவி, விழுப்புரம்

பதில்: அம்மாவின் மனத்தைப் புண்படுத்தாமல் ஒன்றை நினைவூட்டுங்கள்: அக்காவின் பாவாடை தங்கைக்கும், பெரியப்பா மகனின் சட்டை சித்தப்பா மகனுக்கும் வராத வீடு நம்மிடையே இல்லை. முகம் தெரியாதவர் உடுத்தியது என்பதுதான் அவருடைய தயக்கம். அது தூய்மையைப் பற்றிய தயக்கமாக இருந்தால் எளிதில் தீரும். வாங்கி வந்ததை வீட்டு அலமாரியில் வைக்காமல், நேரே வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, உச்சி வெயிலில் முழுதாகக் காயவையுங்கள். உள்ளாடைகளையும் காலுறைகளையும் அங்கே வாங்காதீர்கள். அக்குள், காலர், தொடை இணையும் இடம் ஆகிய மூன்றையும் பார்த்து, துணி மெலிந்திருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள். ஜீன்ஸ்தான் இத்தகைய சந்தையில் வாங்கத் தக்க முதல் பொருள். புதிதாகச் செய்ய நீரும் சாயமும் மிகுதியாகக் கேட்கும் அந்தத் துணி, இரண்டாம் கைக்கு வரும்போதும் பாதி ஆயுளுக்கு மேல் மிச்சம் வைத்திருக்கும்.

கேள்வி: கைத்தறித் துணி வாங்கினால் சாயம் போகிறது, நாலு துவையலில் வெளுத்துவிடுகிறது. பிறகு எப்படி அது சிக்கனம் ஆகும்? — ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: முதல் இரண்டு மூன்று அலசலில் தளர்ந்த சாயம் வெளியேறுவது இயல்பு, அதனால் துணி வெளுத்துவிடாது. அந்த அலசல்களை மற்றத் துணிகளோடு சேர்க்காமல், பச்சைத் தண்ணீரில், சோப்பில்லாமல் செய்யுங்கள். கல்லுப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள்; சரியாக ஏறாத சாயத்தை உப்பு நிறுத்தாது. ஆகவே வாங்கும்போதே கடையில் வெள்ளைக் கைக்குட்டையை ஈரமாக்கி, துணியின் உள் ஓரத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் நிறம் கனமாக ஏறினால் அந்தத் துணியை வைத்துவிட்டு வேறு கேளுங்கள்.

வெளுப்பதற்கு முதற் காரணம் வெயில். உட்புறத்தை வெளியே திருப்பி நிழலில் உலர்த்துங்கள். சோப்புத் தூளில் இரவெல்லாம் ஊறவைக்கும் பழக்கத்தைக் கைத்தறிக்கு விட்டுவிடுங்கள். பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிசைந்த நீர், பட்டுக்கும் நிறம் கனத்த பருத்திக்கும் மிக ஏற்றது. வியர்வை பட்ட ரவிக்கையை அன்றே அலசிப் போட்டுவிட்டால் போதும். ஒரு முறை கோயிலுக்குப் போய்வந்த சேலையை உடனே துவைக்க வேண்டிய அவசியமில்லை; காற்றாடக் கொடியில் போட்டு, மறுநாள் மடிப்பை மாற்றி மடித்து வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒருநாள் அந்தச் சேலை நைந்துபோகும். அப்போது கிழிந்ததை யாருக்கும் தானம் செய்யாதீர்கள். பருத்தியாக இருப்பதால் அடுப்படியில் பாத்திரம் இறக்கவும், தரை துடைக்கவும், பிறந்த குழந்தை இருக்கும் வீட்டுக்கு மெத்தென்ற விரிப்பாகவும் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு அது பயன்படும்.